உதிரிபாகத்தின் வம்சாவளி

பூவிருந்தவல்லிப் பக்கத்தில் 'உதிரி' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பூதான். தொடுக்காத மல்லியையும் சாமந்தியையும் உதிரிப்பூ என்று எடை போட்டு விற்பார்கள். அதே சாலையில் சற்றுத் தள்ளிப் போனால் 'டிராக்டர் உதிரிபாகங்கள்' என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். இரண்டு உதிரிகளுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. பூவின் உதிரியைத் தேடி யாரும் அலைவதில்லை. இயந்திரத்தின் உதிரியைத் தேடி அலைந்தவர்களுக்கோ அது ஒரு வரலாற்றுக் கல்வியாகவே அமைந்துவிடுகிறது. நமக்கு அக்கல்வி வாய்த்தது ஒரு நவரைப் பட்டத்தின்போது.

திருமழிசைக்கு மேற்கே நம் சித்தப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் மிச்சமிருக்கிறது. மூன்று பக்கமும் மனைப்பிரிவுக் கற்கள் நட்டாகிவிட்டன. அந்தச் சிறு நிலத்துக்கென்று அவர் பழையதாக வாங்கி வைத்திருந்தது ஒரு சிறு டிராக்டர். இருபத்துச் சொச்சம் குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வகை. கொய்யா வரிசைகளுக்கு இடையில் நுழைந்து திரும்பும் அளவுக்கு ஒடுங்கிய உடல். சேடை ஓட்டிக்கொண்டிருந்தபோது முன்சக்கரம் ஒன்றில் கரகரவென்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் சக்கரத்தின் குடத்திலிருந்து (மெக்கானிக்குகள் 'ஹப்' என்பார்கள், மாட்டு வண்டிக்காரர்கள் வைத்த 'குடம்' என்ற சொல் நமக்குப் போதும்) எண்ணெயும் சேறும் கலந்து வடிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆயில் சீல் கிழிந்து, பேரிங்குக்குள் சேறு புகுந்துவிட்டது.

விற்பனைக் கடையில் விசாரித்தோம். "பேரிங் தனியா வராது சார், அசெம்ப்ளியாத்தான் வரும். ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆகும்" என்றார்கள். விலையைக் கேட்டதும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாத்துக்கு இருபது நாள் ஆச்சு. இன்னும் மூணு வாரம் அது எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாப்பா?" என்றார். குறுகிய கால நெல்லின் நாற்று ஒரு மாதம் கடந்தால் முற்றிவிடும், தூர் கட்டாது, மகசூல் போய்விடும். ஒரு கைப்பிடி அளவுள்ள எஃகு வளையத்தின் பொருட்டு ஒரு பட்டமே போகும் நிலை.

வழி காட்டியவர், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். வேப்பமரத்தடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, புல்லர் போட்டுப் பேரிங்கை இழுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிவளையத்தின் விளிம்பை வேட்டி நுனியால் துடைத்தார். பொடி எழுத்தில் 6207 என்று தெரிந்தது. "கடையில போய் டிராக்டர் பேரைச் சொல்லாதீங்க தம்பி. நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது ஏறத்தாழ அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, டிராக்டர் நிறுவனம் தன் பட்டியலில் இட்ட பெயர்: பத்துப் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்டது, அந்த நிறுவனத்தின் கடையில் மட்டும் செல்லும் நாணயம். மற்றொன்று உலகம் பொதுவில் ஒப்புக்கொண்ட பெயர். 6207 இரண்டாம் வகை. முதல் இலக்கம் 6 என்றால் ஆழ்ந்த பள்ளமுள்ள ஒற்றை வரிசைக் குண்டு பேரிங். அடுத்த 2 அளவுத் தொடரைக் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 35 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 72, தடிமன் 17. சுவீடனில் செய்தாலும் ஜப்பானில் செய்தாலும் ராஜஸ்தானில் செய்தாலும் இந்த மூன்று அளவுகளும் மாறா. அதே எண்ணுள்ள பேரிங் மாவு அரைக்கும் இயந்திரத்திலும் இருக்கலாம், நீர் இறைக்கும் மோட்டாரிலும் இருக்கலாம். யாப்பிலக்கணத்தைப் போல, நான்கு இலக்கங்களுக்குள் வகையும் அளவும் அடங்கிவிடுகின்றன. இலக்கணம் நடத்துபவர்களுக்கு இத்தகைய சுருக்கத்தின்மேல் ஒரு மோகம் உண்டு, வாசகர்கள் பொறுத்தருள்க.

அன்று மாலையே அம்பத்தூரில் பேரிங் கிடைத்துவிட்டது. விலை, அசெம்ப்ளிக்குச் சொன்னதில் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. அது ஏன் அம்பத்தூரில் அவ்வளவு எளிதில் கிடைத்தது என்று கேட்டால், அறுபது எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னர், டிராக்டர் என்ற பொருளையே வீட்டில் பழுது பார்க்கத் தக்கதாக ஆக்கிய ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். கலப்பையை டிராக்டரின் பின்னால் சங்கிலியில் இழுத்துச் செல்லாமல், மூன்று முனைகளில் பிணைத்து நீரியல் விசையால் தூக்கி இறக்கும் அமைப்புக்கு 1926-இல் காப்புரிமை பெற்றவர். இன்று உலகெங்கும் பெரிய டிராக்டரும் சிறிய டிராக்டரும் அந்த மும்முனை இணைப்பையே கொண்டிருக்கின்றன. 1939-இல் ஃபோர்டுடன் கூட்டுச் சேர்ந்து ஒரு டிராக்டர் கொண்டுவந்தார். பின்னர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய 'டி.இ.20' ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதனுடன் கொடுத்த ஸ்பானரைப் பற்றி ஒரு செய்தி நமக்கு மிகவும் பிடித்தமானது. உழவன் அன்றாடம் கழற்றி மாட்டும் நட்டுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே ஸ்பானரின் இரண்டு முனைகளுக்குள் அடங்கும்படி கருவிகளை வடிவமைத்திருந்தார்கள். ஸ்பானரின் தண்டில் அங்குலக் கோடுகளும் உண்டு. உழவு ஆழத்தை அளக்கவும் அதுவே உதவும். வாங்குபவனே கழற்றுவான் என்ற எண்ணம் வடிவமைப்பிலேயே இருந்திருக்கிறது.

ஃபெர்குசன் 1953-இல் தம் தொழிலைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். அது 1958-இல் மாஸி-ஃபெர்குசன் ஆயிற்று. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் எஞ்சின் நிறுவனத்தையும் அது வாங்கியது. இந்த இரண்டு பெயர்களும் சென்னையில் வந்து சந்தித்த இடம் செம்பியம்.

சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் சென்னையில் குதிரை வண்டி கட்டத் தொடங்கியது. பின்னாளில் அது எஸ். அனந்தராமகிருஷ்ணனின் தலைமையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் வந்து, 1950-களில் பெர்க்கின்ஸ் வகை டீசல் எஞ்சின்களைச் செம்பியத்தில் செய்தது. 1960-இல் அதே குழுமம் மாஸி-ஃபெர்குசனின் ஒத்துழைப்போடு 'டாஃபே'யைத் தொடங்கியது. அங்கிருந்து வந்த 1035 டிராக்டர், மாஸி-ஃபெர்குசன் 35-இன் வழித்தோன்றல். அதாவது கவென்ட்ரி டிராக்டரின் பேரன். இது போன்ற தொழிற்சாலை தனியாக நிற்க முடியாது. பிஸ்டன் வேண்டும், அதன் வளையம் வேண்டும், கிராங்க் ஷாஃப்ட் வேண்டும். 1957-இல் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இவற்றைக் கப்பலில் வரவழைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே குழுமமே பக்கத்தில் செய்துகொண்டது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலேயே தொடங்கப்பட்டிருந்தது. பைமெட்டல் பேரிங்ஸ் 1961-இல் வந்தது.

மேற்கே கொரட்டூர் ஏரியைக் கடந்தால் இதே கதை வேறு பெயர்களில் நடந்திருக்கிறது. சைக்கிள் செய்ய 1949-இல் முருகப்பா குழுமத்தினர் ஆங்கிலேயக் கூட்டுடன் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில். அதற்குக் குழாய் செய்ய 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ். அதே 1955-இன் ஜனவரியில்தான் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சமதர்ம பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. மாநாட்டை நம் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள்; குழாயைப் படிப்பதில்லை. 1960-களில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தாரின் சக்கரம், பிரேக், மின்கருவி, போல்ட் நட்டுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் கோயிலுக்கு அருகில் நின்றால் இன்றும் அந்தத் தொழிற்சாலைப் பேருந்துகள் செல்வதைக் காணலாம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டு, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது. இவற்றுக்கு நடுவில் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலம் அது.

ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பேட்டையில் வந்தமர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறு பட்டறைக்காரர்கள். பெரிய ஆலைகள் தந்த 'ஜாப் ஒர்க்'கை நம்பி ஒரு லேத்து, ஒரு துளைப்பு இயந்திரம், நான்கு ஆட்கள் என்று தொடங்கியவர்கள். அத்திப்பட்டு, மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம் என்று பேட்டையைச் சுற்றி இன்றும் புழங்கும் பெயர்கள் உழவு நடந்த ஊர்களின் பெயர்களே. (பட்டரவாக்கத்துக்கும் பட்டறைக்கும் உறவு உண்டா என்ற சொல்லாராய்ச்சிக்குள் இறங்க மாட்டோம்.) உழவுக் கருவிக்கு உதிரிபாகம் செய்ய உழவு நிலமே இடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. சித்தப்பாவுக்கு ஒருவேளை இருக்கலாம்.

செம்பியம் தொடங்கி ஆவடி வரை இருபது கிலோமீட்டர் அளவுக்குள் ஒரு டிராக்டரின் பெரும்பகுதியைச் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன என்பதே இவற்றின் விளைவு. அளவைச் சொன்னால் போதும், செய்து தருவார்கள். அல்லது செய்ததை எடுத்துத் தருவார்கள். சித்தப்பாவின் வீட்டில் 1980-களில் ஒரு 1035 நின்றது. அதற்கு ஏதாவது போனால் தாத்தா காலையில் பேருந்தேறி ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போய், மாலையில் மஞ்சள் பையோடு திரும்புவார். ஒரிஜினல் இல்லாவிட்டால் டூப்ளிகேட், அதுவும் இல்லாவிட்டால் பழைய சாமான். முறையான வணிகம் இதை மெச்சாது; ஆனால் வயல் காய்ந்ததில்லை.

இப்படிப்பட்ட பழைய ஆங்கிலேய இயந்திரங்களின் உழைப்பை யாழ்ப்பாணத்தார் நம்மைவிட நன்றாக அறிவர். 1990-களில் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோலின்றி, மண்ணெண்ணெயில் ஓடிய ஆஸ்டின், மோரிஸ் கார்களைப் பற்றி அங்கிருந்து வந்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். எளிய அமைப்பும் ஊரறிந்த பாகங்களும் இருந்ததால்தான் அது முடிந்தது.

நம் சிறு டிராக்டருக்கு வருவோம். இதன் வம்சம் வேறு. இதன் மூதாதையர் ஜப்பானின் சிறு வயல்களுக்காகப் பிறந்தவர்கள். குபோடா தன் முதல் வயல் டிராக்டரை 1960-இல் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு பவர் டில்லரும் பின்னர் 'சக்தி' என்ற சிறு டிராக்டரும் செய்தது. குபோடா 2008-இல் சென்னையிலேயே தன் இந்திய நிறுவனத்தைப் பதிவு செய்தது. நிலம் துண்டுபடத் துண்டுபட, தோட்டப்பயிர் பெருகப் பெருக, இந்தச் சிறு உருவங்களுக்குத் தேவை கூடியது இயல்பே. (சித்தப்பா வைத்திருப்பது எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைச் சொல்லாமல் விடுகிறோம், குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதன்று.)

வம்சம் மாறியதன் பொருளை ஒரு போல்ட் நமக்கு உணர்த்தியது. குடத்தின் மூடியைக் கழற்றும்போது ஒன்று முறிந்துவிட்டது. பத்து மில்லிமீட்டர் போல்ட்தானே என்று திருமழிசையில் இரும்புக்கடையில் வாங்கி வந்தால், இரண்டு சுற்றுக்கு மேல் இறங்க மறுத்தது. நம் கடைகளில் கிடைக்கும் பத்து மில்லிமீட்டர் போல்ட்டின் மரை இடைவெளி, அதாவது பிட்ச், 1.5 மில்லிமீட்டர். ஜப்பானிய வாகனங்களில் 1.25 மில்லிமீட்டரே பெருவழக்கு. பெரியவர் அங்கேயும் கை கொடுத்தார். "கார் ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்க. மாருதி வந்த அன்னிக்கே இந்த மரையும் கூட வந்துடுச்சு" என்றார். 1983-இன் இறுதியில் சுசூகியின் கையைப் பிடித்து வந்த மாருதி, ஜப்பானிய மரையை இந்தியக் கடைத்தெருவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஆவடி சாலையில் ஒரு கார் உதிரிக்கடையில் போல்ட் கிடைத்தது.

டிராக்டர் கொட்டகையின் சுவரில் தாத்தா தார் மையால் எழுதி வைத்த அளவுகள் இன்னும் இருக்கின்றன: 1/2, 9/16, 3/4. எல்லாம் அங்குலம். 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது மரையின் பிள்ளைகள். இந்தியா 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றி, நாணயத்தையும் படியையும் கல்லையும் மாற்றிவிட்டது. ஆனால் கவென்ட்ரியிலிருந்து வந்த டிராக்டர் வம்சம் அதற்குப் பின்னும் அங்குலத்திலேயே உழுதுகொண்டிருந்தது. அந்த ஸ்பானர்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தும் சிறு டிராக்டரின் ஒரு நட்டுக்கும் அவை சரிவரப் பொருந்தவில்லை.

எஞ்சியது ஆயில் சீல். இங்குதான் சிக்கல் உண்மையில் தொடங்கியது. பேரிங் போல் இதற்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று அளவுகள் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் சேற்று வயலுக்கென்று நிறுவனங்கள் செய்யும் சீல்களில் ரப்பர் உதடுகள் இரண்டு மூன்று இருக்கும்; தடிமன் பொதுத் தொடருக்குள் வராது. அம்பத்தூரில் நான்கு கடை ஏறி இறங்கியதில் கிடைத்தது, இரண்டு விட்டங்களும் பொருந்தி, தடிமன் நான்கு மில்லிமீட்டர் குறைந்த ஒற்றை உதட்டுச் சீல்.

பேட்டைக்குள் ஒரு சந்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவரிடம் அதைக் கொண்டுபோனோம். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். சீலை விரலில் சுழற்றிப் பார்த்துவிட்டு, "நாலு எம்.எம்.முக்கு ஒரு ரிங் போட்டு உள்ள வெச்சிருவோம் சார். அதுவும் நல்லதுக்குத்தான். பழைய சீல் ஷாஃப்ட்டுல பள்ளம் பறிச்சிருக்கும். புது உதடு அந்தப் பள்ளத்துல உக்காராம நாலு எம்.எம். தள்ளி உக்காரும்" என்றார். கையில் அச்சு இல்லாமலே அதில் பள்ளம் இருக்கும் என்று அவர் சொன்னது நம்மை வியக்க வைத்தது. வீட்டுக்குத் திரும்பி நகத்தால் தடவிப் பார்த்தோம், பள்ளம் இருந்தது. இருபது நிமிடத்தில் வளையம் கடைந்து தந்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார்: "இது ஒரு லிப்தான். ரொம்ப நாள் சேறு தாங்காது. ஒரு பட்டம் ஓடும். அப்புறம் பார்த்துக்கங்க."

அவருடைய பட்டறைக்கு இருபுறமும் பூட்டிய ஷெட்டுகள். 2000-க்குப் பிறகு பேட்டையின் சாலையோர மனைகள் பல கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களாக மாறின. 2015 டிசம்பர் வெள்ளம் லேத்துகளின் மோட்டாருக்குள் புகுந்தபோது மீளாதவர்களும் உண்டு. அவர் மீண்டார், கடன் வாங்கி. மகன் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றில் வேலை பார்க்கிறானாம். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பெருமையா வருத்தமா என்று நமக்கு விளங்கவில்லை.

இந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் மிஞ்சுவது அசெம்ப்ளி ஒன்றுதான். பாகத்தைத் தனியே விற்காமல் தொகுப்பாகவே விற்பது, பொது எண்ணை மறைத்துத் தன் எண்ணை மட்டும் அச்சிடுவது, பழுது பார்க்கும் கையேட்டைக் கடைக்காரருக்கு மட்டும் தருவது: இவை உலகெங்கும் உள்ள வழக்கங்கள். அமெரிக்காவில் டிராக்டரின் கணினிப் பூட்டைத் திறக்கவே உழவர்கள் போராட வேண்டியிருக்கிறது. கொலராடோ மாநிலம் 2023-இல் உழவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்கென்று சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் வணிக ஆணையம் ஜான் டியர் நிறுவனத்தின்மேல் வழக்கே தொடர்ந்தது. இந்தியாவில் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. முதலில் கவனிக்க வேண்டிய நான்கு துறைகளில் வேளாண் கருவிகளையும் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையத்தில் ஒரு வாயிலும் திறந்தார்கள். உழவனுக்கு வேண்டியது அதைவிடச் சிறியது என்று நமக்குத் தோன்றுகிறது. பாகத்தின் பட்டியல் எண்ணுக்குப் பக்கத்தில், அது பொது அளவில் உள்ள பாகமானால், அந்த அளவையும் அச்சிட்டுவிட்டால் போதும். 6207 என்பதைச் சேற்றைத் துடைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமா?

அன்றிரவே பெட்ரோமாக்ஸ் போன்ற ஓர் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தில் பெரியவர் எல்லாவற்றையும் பூட்டினார். நாம் செய்த பணி விளக்குப் பிடித்தது மட்டும். மறுநாள் சேடை முடிந்து, இருபத்தைந்தாம் நாள் நாற்று நடப்பட்டது. லேத்துக்காரர் சொன்னது பலித்தது: அடுத்த சம்பாவின் பாதியிலேயே அதே குடத்தில் எண்ணெய் கசியத் தொடங்கியது. இம்முறை சித்தப்பா கடைக்கு முன்கூட்டியே சொல்லி, நிறுவனத்தின் மூன்று உதட்டுச் சீலைத் தனியாக வாங்கிவிட்டார். எப்படியோ தனியாகவும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் தடிமன் வளையத்துக்கு இடம் விடாது, உதடு பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும். அச்சில் மெல்லிய எஃகு உறை போட முடியுமா என்று கேட்கப் பேட்டைக்குப் போய்வந்தோம். அச்சைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சுவரில் தாத்தாவின் அங்குலங்களுக்குக் கீழே சித்தப்பா சாக்கட்டியால் எழுதியிருக்கிறார்: 6207, 10 × 1.25.